போய்ட்டு வரேன், அம்மா!

"இது யாருன்னு சொல்லு பார்க்கலாம்?" என்று என் மகள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

செக்கச் செவேலென்று இரண்டு பாறைச் சுவர்கள். நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடுக்கு. அதில் தலைக்கவசம் போட்ட ஓர் உருவம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சினிமாக் காட்சி என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால், மணிக்கட்டில் நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு!

"எத்தனை நாளாடி இந்தக் கூத்து?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா விட்டிருப்பியாம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. விட்டிருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் வேலை பார்க்கிறாள். ஊரிலிருந்து தினமும் போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே போகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது!

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவளே சமாதானத்துக்கு வந்தாள். "நீயும் ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் திட்டு" என்றாள். வீம்புக்குச் சரி என்றேன். எனக்கு வயது 54. மூட்டுவலி கிடையாது, தினம் அரை மணி நேரம் நடக்கிற பழக்கம் உண்டு. அந்த தைரியம்தான்.

பாறையை அறுத்த தண்ணீர்

லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் யூட்டா மாநிலத்தில் ஸயான் தேசியப் பூங்கா. அங்குள்ள பாறைக்கு நவஹோ மணற்கல் என்று பெயர். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல்மேடுகளாக இருந்தவை இறுகிக் கல்லானவை. எப்போதாவது பெய்கிற மழை, மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு பாறை வெடிப்புகளில் பாயும். உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோல் அது பாறையைத் தேய்த்துத் தேய்த்து ஆழமாக அறுத்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு. உள்ளே மாடிக் கட்டிடம்போல் உயர்ந்த சுவர்கள். சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் நகர முடியும். கயிறு கட்டி இந்த இடுக்குகளில் இறங்கிப் போவதைத்தான் கேன்யனீரிங் என்கிறார்கள்.

அழகைச் செதுக்கிய அதே தண்ணீர் ஆளையும் கொல்லும். எங்கோ பல மைல் தள்ளி மழை பெய்திருக்கும். இங்கே வானம் நீலமாக இருக்கும். வெறும் பாறை தண்ணீரை உறிஞ்சாது. எல்லாம் திரண்டு இடுக்குக்குள் பாய்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு ஓட இடமில்லை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் இப்படி வந்த வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோயிற்று. 2015 செப்டம்பரில் ஸயானின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இறந்தார்கள்.

இதைக் கேட்டதும், "வேண்டாண்டி, திரும்பிப் போயிடலாம்" என்றேன்.

"தெரியாம போறவங்களுக்குத்தாம்மா ஆபத்து அதிகம். நான் என்ன பண்றேன்னு முதல்ல பாரு" என்றாள்.

புறப்படுமுன்

பார்த்தேன். முந்தின இரவே அவள் வானிலை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பூங்காக்களுக்கென்றே திடீர் வெள்ள அபாயத்தை நான்கு படிகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: எதிர்பார்ப்பு இல்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், நிச்சயம். முதல் படியைத் தவிர வேறு எது இருந்தாலும் பயணம் ரத்து என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். அப்போது கூடுதல் எச்சரிக்கை. நாங்கள் போனது அக்டோபரில்.

பிறகு ஒரு காகிதத்தில் எந்த இடம், யார் யார், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் தேடச் சொல்ல வேண்டும் என்று எழுதிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது!

காரில் போகும்போது ஒரு கதை சொன்னாள். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் யூட்டாவில் புளூஜான் கேன்யனுக்குத் தனியாகப் போனார். எங்கே போகிறார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. உருண்ட பாறை ஒன்று அவர் வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் அப்படியே நின்றவர், கடைசியில் சிறு கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு தப்பினார். அதற்குள் அவர் தாயார் பதறிப்போய்த் தேடுதலை முடுக்கிவிட்டிருந்தார். ஆனால் எங்கே தேடுவது? இந்தக் கதை 2010இல் '127 ஹவர்ஸ்' என்ற படமாக வந்தது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன். வண்டியில் அப்புறம் நான் பேசவில்லை.

கயிற்றின் மறுமுனையில்

பூங்காவுக்குள் சம்பளத்துக்கு வழிகாட்டிகள் இந்த இறக்கத்துக்கு அழைத்துப் போக அனுமதி கிடையாது. அதனால் எனக்காகப் பூங்காவுக்கு வெளியே ஒரு சின்ன இடுக்கையும், அனுபவமுள்ள ஒரு பெண் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்திருந்தாள். தலைக்கவசம், கையுறை, குளிருக்கு ரப்பர் உடை, இடுப்பிலும் தொடையிலும் இறுக்கும் வார். அந்த வாரில் ஒரு கொக்கி வளையம், அதில் ஓர் உலோகக் கருவி. கயிறு அதற்குள் வளைந்து போகும். கீழ்க்கையால் கயிற்றை இறுக்கினால் நிற்கும், தளர்த்தினால் இறங்கும். கிணற்றில் வாளியை மெல்ல விடுகிற கணக்குதான். என்ன, இங்கே வாளி நான்!

விளிம்பில் பின்பக்கமாகச் சாய வேண்டும். கால் நடுங்கியது. மகள் முன்னாலேயே இறங்கிக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நீ கையை விட்டாலும் நான் இழுத்துப் பிடிச்சா நின்னுடுவே. நான் பிடிச்சிருக்கேன், வா" என்றாள். நடை பழகின நாளில் நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தை! கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். கால் கீழே பட்டபோதுதான் மூச்சே வந்தது.

எல்லோரும் இறங்கியதும் வழிகாட்டி கயிற்றை உருவினாள். அது சரசரவென்று கீழே விழுந்தது. "இனி மேலே ஏற வழி கிடையாது. முன்னாலதான் போகணும்" என்றாள் மகள். புறப்படுமுன் அத்தனை தடவை ஏன் சரிபார்த்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். வெயிலே படாத ஒரு குட்டையில் இடுப்பளவு தண்ணீர். எலும்பு வரை குத்தியது. உடம்பு மிகவும் குளிர்ந்துவிட்டால் விரல்கள் சொன்னபடி கேட்காது, புத்தியும் மந்தமாகும். அதனால்தான் ரப்பர் உடை. வெளியே நடக்கும்போதோ தலைகீழ். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சுவர்களில் அலை அலையாகக் கோடுகள். மேலே நீல நாடாவாக வானம். பேச்சுக்குரல் கோயில் பிராகாரத்தில் கேட்பதுபோல் திரும்பி வந்தது. என் பெண் எதற்காக இங்கே வருகிறாள் என்பது புரிந்துவிட்டது, சகோதரிகளே. பயம் போகவில்லை. ஆனால் அவள் பொறுப்பில்லாதவள் என்ற கோபம் போய்விட்டது.

மூன்று கேள்விகள்

திரும்பும்போது ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் எதையும் மறைக்கக் கூடாது. நான் எடுத்த எடுப்பில் "வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. மூன்று கேள்விதான் கேட்பேன்: மேலே எங்கேயாவது மழை உண்டா? கூட யார் வருகிறார்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவே?

பாலைவனத்துக்கு மட்டும் உரிய கேள்விகளா இவை? 2024 மே மாதம் நம் பழைய குற்றாலத்திலும் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அருவிக்கோ ஆற்றுக்கோ கிளம்பும் பிள்ளைகளிடம் நீங்களும் இதையே கேளுங்கள். கேட்கிற குரலில் மட்டும் கோபம் வேண்டாம். திட்டுக்குப் பயந்த பிள்ளை சொல்லாமல் போகும். சொல்லாமல் போன பிள்ளையை எங்கே தேடுவது?

நம் வீடுகளில் "போறேன்" என்று சொல்ல விடமாட்டோம். "போய்ட்டு வரேன்" என்று சொல்லச் சொல்வோம். இப்போது ஊரில் என் கைபேசிக்கு அவளிடமிருந்து காகிதத்தின் படம் வருகிறது. இடம், நேரம், கூட வருகிறவர்களின் பெயர். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:

"போய்ட்டு வரேன், அம்மா."

அவள் திரும்பி வந்து சொல்லும்வரை எனக்குத் தூக்கம் வராதுதான். ஆனால் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்து விழித்திருக்கிறேன்.