ஆள் ஒன்று, அட்டை வேறு! கவுண்டர் கவுண்டராக அலையும் திருநங்கையர்

- நமது நிருபர் -

பாங்கியில் காலை நேரக் கூட்டம். கவுண்டரில் ஒருவர் பணம் எடுக்க நிற்கிறார். கிளார்க் அட்டையைப் பார்க்கிறார். ஆளைப் பார்க்கிறார். மறுபடியும் அட்டையைப் பார்க்கிறார்.

"இதுல ஆம்பளை பேரு போட்டிருக்கு. நீங்க யாரும்மா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்னால் நிற்கும் பத்துப் பேரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

நிற்பவர் ஒரு திருநங்கை. போட்ட பணம் அவருடையது. பாஸ் புத்தகம் அவருடையது. கையெழுத்தும் அவருடையதே. ஆனால் அட்டையில் இருப்பது பழைய முகம், பெற்றோர் வைத்த பழைய பெயர், பக்கத்தில் "ஆண்" என்று ஒரு சொல்.

"கார்டை மாத்திட்டு வாங்க" என்று பதில் வருகிறது. பணம் வரவில்லை.

சரி, கார்டை எங்கே மாற்றுவது? அங்கேதான் அலைச்சல் ஆரம்பம்.

ஒன்றைக் கேட்டால் இன்னொன்று

ஒரு ஆபீசுக்குப் போனால், "வேற ஏதாவது ஆதாரத்துல புதுப் பேர் இருக்கா?" என்பார்கள். அந்த வேறு ஆதாரத்தைக் கொடுக்கும் ஆபீசுக்குப் போனால், "முதல்ல அங்க மாத்திக்கிட்டு வாங்க" என்பார்கள். கோழியா முட்டையா கதைதான்.

வீட்டை விட்டு வந்தவர் என்றால் கஷ்டம் இரட்டிப்பு. ரேஷன் கார்டு அப்பா வீட்டில். பிறப்புச் சான்று பீரோவில். "இந்தப் பக்கம் வராதே" என்று சொன்ன வீட்டில் போய் எப்படிக் கேட்பது?

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு இன்னொரு தொல்லை. எல்லா அட்டையிலும் "ஆண்" என்று மாற்றிவிட்டாலும், பள்ளிக்கூட டி.சி.யின் தலைப்பிலேயே "பெண்கள் மேல்நிலைப்பள்ளி" என்று இருக்கும். வேலைக்கு மனு போடும் இடத்தில் எல்லாம் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

வீடு வாடகைக்குப் பிடிக்க, சிம் கார்டு வாங்க, ஆஸ்பத்திரியில் சேர, ரெயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் காட்ட, எல்லாவற்றுக்கும் அட்டை வேண்டும். அட்டை ஒத்துப்போகவில்லை என்றால் ஒவ்வொரு இடத்திலும் விசாரணைதான்.

போலீஸ் வேலைக்கு வந்த சோதனை

இந்த ஒரு கட்டம் ஒருவரின் வேலையையே பறிக்கப் பார்த்த கதை ஊரறிந்தது.

சேலத்துக்காரர் பிரித்திகா யாஷினி. கம்ப்யூட்டர் பட்டதாரி. திருநங்கை. 2015-ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனு போட்டார். மனு தள்ளுபடி! சான்றிதழ்களில் இருந்தது பழைய பெயர். மனுவில் இருந்தது புதிய பெயர். தேர்வு வாரியத்தின் படிவத்திலோ ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு உத்தரவின் பேரில் எழுத்துத் தேர்வு எழுதினார். உடல் தகுதித் தேர்வுக்கும் போனார். ஒவ்வொரு கட்டத்திலும் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியிருந்தது.

2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான பெஞ்சு, அவருக்கு வேலை கிடைக்க வழி செய்தது. அடுத்த தேர்வு முதல் மூன்றாம் பாலினத்தவருக்கும் இடம் வைக்கும்படி வாரியத்துக்குச் சொன்னது. 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராகக் காக்கிச் சட்டை போட்டார் பிரித்திகா.

அவருக்கு வக்கீல் கிடைத்தார், கோர்ட்டு கிடைத்தது. கோர்ட்டுப் பக்கமே போக முடியாதவர்கள் எத்தனை பேர்? 2011 ஜனத்தொகைக் கணக்கில், ஆண் பெண் அல்லாத "இதரர்" என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22 ஆயிரத்து 364 பேர்.

இரண்டு ஏப்ரல் 15

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னால் ஓடிய ராஜ்யம். 2008 ஏப்ரல் 15-ந் தேதி திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே முதல் வாரியம் இது.

தேர்தல் கமிஷன் 2009-ல் வாக்காளர் பட்டியலில் ஆண், பெண் தவிர "இதரர்" என்று மூன்றாவது கட்டம் வைத்தது.

பிறகு 2014. அதே ஏப்ரல் 15-ந் தேதி. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி ஆகியோர் தீர்ப்பு சொன்னார்கள். தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்யலாம், ஆபரேஷன் செய்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று வற்புறுத்தக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு டெல்லியில் வந்தது. கவுண்டருக்கு வந்து சேர வருஷக்கணக்கானது.

பான் கார்டு தகராறு

ஒரு உதாரணம் பாருங்கள். ஆதார் படிவத்தில் மூன்றாவது கட்டம் இருந்தது. வருமான வரி இலாகாவின் பான் கார்டு படிவத்தில் ஆண், பெண் இரண்டுதான். இரண்டையும் இணைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது.

எப்படி இணையும்? ஒன்றில் திருநங்கை, மற்றதில் ஆண். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுமே அரசாங்கம் கொடுத்த அட்டை. தப்பு யார் மேல்? தவித்தது யார்?

2018 ஏப்ரலில்தான் விதியைத் திருத்திப் பான் படிவத்திலும் மூன்றாவது கட்டம் வைத்தார்கள்.

கலெக்டர் சான்று

2019-ல் பார்லிமெண்டில் திருநங்கையர், திருநம்பியருக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் விதிகள் வந்தன. அந்த விதிகள் காட்டிய வழி இது:-

மனுவோடு, தன் பாலினம் இன்னது என்று ஒரு பிரமாணப் பத்திரம். மாவட்டத்தில் ஒரு வருஷமாவது தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். மருத்துவச் சோதனை எதுவும் இல்லாமலே, 30 நாளுக்குள் கலெக்டர் சான்றும் அடையாள அட்டையும் தர வேண்டும். நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும். மனுதாரர் 90 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

2020 நவம்பரில் இதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். ஆபீசுக்கு நேரில் போய் நாலு பேர் முன்னால் நிற்காமலே மனு போடலாம் என்பது ஏற்பாடு.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. இந்தச் சான்றில் "திருநங்கை", "திருநம்பி" என்ற வகையில்தான் வரும். "பெண்" என்றோ "ஆண்" என்றோ வேண்டுமானால் சிகிச்சை செய்ததற்கு ஆஸ்பத்திரி அதிகாரியின் சான்று வேண்டும் என்று 2019 சட்டம் சொன்னது. ஆபரேஷனை வற்புறுத்தாதே என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதற்கு இது நேர் எதிர் என்று திருநங்கையர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

சட்டமும் விதியும் மாறக்கூடியவை. மனு போடுகிறவர்கள் அன்றைய விதி என்ன என்று கலெக்டர் ஆபீசிலோ இலவச சட்ட உதவி மையத்திலோ கேட்டுக்கொண்டு போடுவது நல்லது.

கிளார்க் சார், உங்களுக்குத்தான்!

2020 விதிகளில் பலர் படிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. கலெக்டர் சான்றைக் கொண்டு வந்தால், மற்ற ஆபீசுகள் என்ன செய்ய வேண்டும் என்பது அது.

பிறப்புச் சான்று, ஜாதிச் சான்று, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், பாங்கி பாஸ் புத்தகம் என்று ஒரு பட்டியலே அதில் இருந்தது. அந்த அட்டையைக் கொடுத்த ஆபீஸ், மனு வந்த 15 நாளுக்குள் பெயர், பாலினம், போட்டோ மூன்றையும் மாற்றித் தர வேண்டும். நம்பர் மட்டும் பழைய நம்பரேதான்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். "பேரை மாத்திட்டா பழைய ரிக்கார்டு என்ன ஆகும்? கடன் வாங்கியிருந்தா? கேஸ் இருந்தா?" என்று கவுண்டரில் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். நம்பர் மாறாதபோது ரிக்கார்டு எங்கே போகும்? கல்யாணமான பெண்கள் இனிஷியலை மாற்றுகிறார்கள். நியூமராலஜி பார்த்துப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டுகிறார்கள். அப்போதெல்லாம் யாரும் வரிசையைத் திருப்பிப் பார்க்க வைப்பதில்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தப்பாகக் கையெழுத்துப் போட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயம் அவருக்கும் உண்டு. மேலே இருக்கும் அதிகாரி விதியை ஒரு தாளில் அடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால், பாதி தகராறு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி தீர, சந்தேகம் இருந்தால் மெதுவாகக் கேட்கலாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கலாம். வரிசையில் நிற்கும் நாமும் கழுத்தைத் திருப்பாமல் நம்முடைய சலானைப் பூர்த்தி செய்யலாம்.

அட்டையில் மாற வேண்டியது ஒரே ஒரு சொல். அதற்காக ஒருவர் எத்தனை படிதான் ஏறுவார்?