கம்பங்கூழும் கபடிக் களமும்

“கூழ் குடிப்பவனுக்குக் களம் எதற்கு?” என்று ஏளனம் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பசிபிக் கடலின் நடுவே உள்ள பிஜித் தீவுகளைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்!

பத்து லட்சம் மக்கள்கூட இல்லாத நாடு. 1903 முதல் தமிழ்த் தொழிலாளரும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்ட கரும்புத் தோட்ட நாடு. அந்நாட்டு வீரர்கள் எழுவர் ரக்பி ஆட்டத்தில் 2016இல் ரியோவிலும், 2021இல் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். பந்தை ஏந்தி, எதிரியின் பிடியை உதறி ஓடும் ஆட்டம் அது; நம் கபடிக்கு உறவு! அத்தீவு மக்களின் பழைய உணவு என்ன? சேம்பு, மரவள்ளி, தேங்காய், மீன்!

கிழங்கே தங்கம் தந்தது என்று நாம் சொல்லவில்லை. பயிற்சியின்றி வெற்றி ஏது? ஆனால் பாட்டன் உணவு வீரனுக்குப் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் தேனிச் சீமையைப் பாருங்கள். 1895இல் எழுந்த முல்லைப் பெரியாறு அணையால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலமாயிற்று. அந்த நீர் எட்டாத ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகள் சோளத்தையும் கம்பையும் நம்பி வாழ்ந்தன.

கபடியில் பாடிப் போகிறவனுக்கு 30 விநாடி. ஆட்டமோ 40 நிமிடம். ஓடத் தெம்பு தருவது மாவுச்சத்து. எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தசைக்குப் புரதம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்துக்கு மேல் இல்லை! கம்பில் புரதம் சுமார் 11 கிராம், கொள்ளில் 22. கூழை இரவெல்லாம் புளிக்கவைத்தாளே பாட்டி, அது வீண் வேலையா? தானியத்தின் இரும்புச்சத்து உடலில் சேரத் தடையாய் நிற்கும் பொருளைப் புளிப்பு குறைக்கிறது என்கிறது விஞ்ஞானம்!

இத்தனை இருந்தும் கலயம் ஏன் காலி? விடியுமுன் ஜீப்பேறிக் கம்பமெட்டும் போடிமெட்டும் கடந்து ஏலத்தோட்டம் போகும் தாய், எப்போது கம்பு இடிப்பாள்? நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அது பசியை விரட்டியது. வேண்டாம் என்று எவன் சொல்வான்? ஆனால் கம்பு காசு கேட்கிறது. ஏழையின் உணவாயிருந்தது இன்று பட்டணத்துக் கடையில் பளபளப்புப் பொட்டலத்தில் உட்கார்ந்திருக்கிறது!

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். மாநிலமெங்கும் அது நிலைக்க வேண்டும். கேழ்வரகோடு கம்பும் மாவாகவே வரவேண்டும். மானாவாரி உழவனிடம் நியாய விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும். பள்ளிச் சத்துணவில் முட்டையோடு கொள்ளும் சேர வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு, சமைக்க நேரமும் வாங்கக் கூலியும் வேண்டும்.

தோழர்களே! களத்தில் நிற்பவனுக்குக் கைதட்டுவது எளிது. அவன் கலயத்தை நிரப்புவதே கடமை!