கெத்சமனியின் எட்டு மரங்கள்

எருசலேம் புனிதப் பயணம் போய்வந்த திருமங்கலம் வாசகி ஒருவர் கேட்கிறார்: “கெத்சமனித் தோட்டத்தில் எட்டு ஒலிவ மரங்களைப் பார்த்தோம். இயேசு செபித்தது இவற்றின் அடியில்தான் என்றார்கள். இரண்டாயிரம் வருஷம் ஒரு மரம் உயிரோடு இருக்குமா?”

இத்தாலிய ஆய்வாளர்கள் அம்மரங்களைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று அடிமரங்கள் 1092, 1166, 1198ஆம் ஆண்டுகளை ஒட்டியவை. மற்றவற்றில் மையம் இற்றுப்போனதால் கணிக்க இயலவில்லை. வயதான ஒலிவத்தில் பொந்து விழும். பட்டையை ஒட்டிய வெளிமரத்தில்தான் உயிர் ஓடும். வெட்டினாலும் அடிவேரிலிருந்து துளிர்க்கும். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமைச் சுற்றியிருந்த மரங்களையெல்லாம் வெட்டியது. ஆக, அந்த வயது மண்ணுக்கு மேலே நிற்பதற்குத்தான். வேர் அதைவிட மூத்ததாக இருக்கலாம்.

என்னை ஆட்கொண்டது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. எட்டு மரங்களின் மரபணுவும் ஒத்துப்போனது. எல்லாம் ஒரே தாய்மரத்தின் கிளைகளிலிருந்து வந்தவை.

ஒலிவமும் மல்லிகையும் ஒரே தாவரக் குடும்பம். நம் குண்டுமல்லியையும் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை; தங்கச்சிமடத்தில் தண்டை வேர்பிடிக்க வைத்த நாற்றுதான் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கு வருகிறது. எங்கள் வாசலில் பூப்பது பாட்டி வீட்டுச் செடியின் பதியன். பாட்டி பூப்பறித்த அதே செடிதான் இது என்றால் தாவரவியல் மறுக்காது. கெத்சமனியிலும் யாரோ அந்த ஒரு மரம்தான் வேண்டுமென்று அதன் கிளைகளை நட்டிருக்கிறார்கள். அந்த அடிமரங்களின் வயது, சிலுவைப் போர்க்காரர்கள் அங்கே ஆலயத்தைத் திரும்பக் கட்டிய காலத்தை ஒட்டியது. இயேசுவோடு சேர்த்து நினைக்கப்பட்ட மரமாகவே அந்தத் தாய்மரம் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்று பிரான்சிஸ்கன் துறவிகள் வேலி போட்டுக் காக்கிறார்கள். சுற்றி வந்து பார்க்கலாம். இலை கிள்ள முடியாது.

நாமும் மரத்தைக் கும்பிடுகிறவர்கள்தாம். மஞ்சள் பூசிய அரசமரத்தைச் சுற்றி அடிமரம்வரை சிமென்ட் தளம் போட்டு, வேருக்குத் தண்ணீர் இறங்காமல் செய்கிறோம். சாலையோரப் புளியமரத்தில் ஆணியடித்துத் தட்டி மாட்டுகிறோம். தளத்தை ஓரிரண்டு முழம் தள்ளிப் போட்டால் போதும், மரம் பிழைக்கும். ஓர் ஆலமரத்தைச் சாலைக்காக வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், அதற்கு முன்பே நாலு கிளையைப் போத்தாகக் கண்மாய்க் கரையில் நடுங்கள். ஊர் கும்பிட்ட மரம் ஊரிலேயே இருக்கும்.