மின்கலமும் கூரையும்: உடப்புசல்லாவையை முன்வைத்து ஒரு நோக்கு

மின்சாரம் பிறந்த கணத்திலேயே செலவாகிவிட வேண்டிய பொருளாகும். நெல்லைக் குதிரில் இடலாம். தேயிலையைப் பெட்டியில் அடைத்துக் கொழும்பு ஏலம்வரை காக்கலாம். மின்கம்பியில் ஓடும் வலுவிற்கு அத்தகைய பொறுமை இல்லை. பிறப்பிக்கப்படுவதும் நுகரப்படுவதும் ஒவ்வொரு கணமும் சமனாக இருத்தல் வேண்டும். இதனாலேயே, வீட்டு மின்கலங்களில் சேமித்த மின்சாரத்தைத் தேவைப்படும் வேளையில் பொது வலையமைப்பிற்கு வழங்கிப் பணம் பெறும் முறை உலகின் சில பாகங்களில் தோன்றியுள்ளது. அம்முறையை விளக்கி, உடப்புசல்லாவை போன்ற தோட்டப்பகுதி ஒன்றில் அதன் பயன் யாரைச் சேரும் என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்வலுவை மறைமுகமாகச் சேமிக்கும் வழக்கம் மலையகத்திற்குப் புதியதன்று. காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் மழைக்காலத்து நீரைத் தேக்கி, வேண்டியபோது சுழலிகளுக்கு விடுகின்றன. கதிரவனின் ஒளிக்கு அவ்வாறான அணை இல்லை. 2016ஆம் ஆண்டில் 'சூரியபல சங்கிராமய' என்னும் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகின. ஆயின் அவை நண்பகலில் மிகுதியாகத் தருகின்றன. நாட்டின் தேவையோ மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடையே உச்சமடைகின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் மின்தடைக்குள்ளாக்கியது. விடுமுறை நாளின் குறைந்த நுகர்வும் சூரிய மின்சாரத்தின் மிகுந்த பங்கும் வலையமைப்பின் தாங்குதிறனை முன்னரே குறைத்திருந்தன. அவ்வாண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது பகல்வேளையில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. விளைந்த கதிரை வயலிலேயே விடச் சொல்வதற்கு இது ஒப்பாகும்.

மின்கலம் இவ்விடத்தே உதவுகின்றது. பகலில் தகடுகள் தரும் நேரோட்டம் இலிதிய மின்கலங்களில் சேமிக்கப்படுகின்றது. மாலையில் அது ஆடலோட்டமாக மாற்றப்பட்டு, வீட்டுத் தேவை போக எஞ்சியது வலையமைப்பிற்குச் செல்கின்றது. எந்நேரம் எவ்வளவு சென்றது என்பதை அளவுமானி பதிகின்றது. இத்தகைய நூற்றுக்கணக்கான வீடுகளைத் தொலைத்தொடர்பால் இணைத்து ஒரே வேளையில் இயக்கினால், அவை ஒன்றுசேர்ந்து ஒரு மின்நிலையம்போற் செயற்படும். இலங்கையிலும் 2025ஆம் ஆண்டில், சேமித்த மின்சாரத்தை இரவு உச்சவேளையில் வழங்குவோருக்குப் பகல் விலையினும் உயர்ந்த விலை அறிவிக்கப்பட்டது.

அவ்விலை ஏன் உயர்ந்திருத்தல் வேண்டும்? ஒரு கணக்கினால் விளக்குவோம். மின்கலத் தொகுதி ஒன்றின் விலை பத்து இலட்சம் ரூபாய் எனவும், அது நாளொன்றுக்கு 8 அலகு வீதம் 5,000 நாள்கள் வழங்கும் எனவும் கொள்வோம். மொத்தம் 40,000 அலகுகள். எனவே அலகொன்றின் சேமிப்புச் செலவு மட்டும் 25 ரூபாயாகும். அதே அலகைப் பகலில் விற்றிருந்தாற் கிடைத்திருக்கும் விலையையும், மின்னேற்றத்திலும் இறக்கத்திலும் இழக்கப்படும் பங்கையும் இதனோடு கூட்டுதல் வேண்டும். இக்கூட்டுத்தொகையினும் குறைந்த விலை தரப்படின், வீட்டார் தம் மின்கலத்தைத் தேய்த்து நட்டத்தையே ஈட்டுவர்.

உடப்புசல்லாவையின் இயற்கை இம்முறைக்கு ஓரளவு இசைவானது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சாரலில் மழை பொழியும்போது, கிழக்குப் புறத்திலுள்ள இப்பகுதி வறண்ட காற்றையும் வெயிலையும் பெறுகின்றது. யூலை முதல் செப்ரெம்பர் வரையான இக்காலத்திலேயே இங்கு தரமான தேயிலை கிடைக்கின்றது. குளிர்ந்த சூழலில் சூரியத் தகடுகளின் திறனும் கூடும். வடகீழ்ப் பருவத்தில் முகிலும் மூடுபனியும் விளைவைக் குறைக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அப்பருவத்திலேதான் சேமிப்பின் வேறொரு பயன் புலனாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் மண்சரிவுகளை விளைவித்து மின்விநியோகத்தைக் குலைத்தமை நம் நினைவிலுள்ளது. கம்பி அறுந்த இரவில், மின்கலத்தில் எஞ்சியிருக்கும் இரண்டு அலகு ஒரு விளக்கையும் ஒரு தொலைபேசியையும் உயிர்ப்புடன் வைத்திருக்கும்.

தடை இயற்கையிலன்று, உரிமையிலேயே உள்ளது. கூரையும் மின்கணக்கும் யாருடையனவோ, வருமானமும் அவருடையதே. 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசிடமே எஞ்சியது. லயன் காம்பிராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்கு அதன் கூரைமீது உறுதி இல்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு பெற்றோர் ஒரு பகுதியினரே. இந்நிலைக்கு முன்னுதாரணமும் உண்டு. தோட்டத்து ஓடைகளில் அமைந்த சிறு நீர்மின் நிலையங்கள் தேசிய வலையமைப்பு வந்தபின் பல கைவிடப்பட்டன. 1990களில் அத்தகைய நிலையங்கள் வலையமைப்பிற்கு மின்சாரம் விற்கும் வழி திறந்தது. ஓடை லயத்தருகே ஓடிற்று. விற்பனைப் பணம் நிலையத்தை உடையவரிடம் சென்றது. கூரையிலும் அதுவே நிகழ வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்குத் தென் அவுஸ்திரேலியா சான்றாகும். அங்கு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், முதலில் அரசாங்க வாடகை வீடுகளிலேயே தகடுகளையும் மின்கலங்களையும் பொருத்தியது. வாடகையாளர் அவற்றிற்குப் பணம் செலுத்தவில்லை. மின்கலங்களும் அவருடையன அல்ல. ஆயினும் குறைந்த மின்கட்டணம் என்னும் வடிவில் பயனின் ஒரு பங்கு அவர்களைச் சேர்ந்தது. சொத்துரிமை இல்லாதவர்க்கும் பயனுரிமையை எழுத்தில் வகுக்க முடியும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

லயத்தின் நீண்ட ஒரே கூரை இங்கு குறையன்று, வாய்ப்பாகும். பத்துக் குடும்பங்களுக்குத் தனித்தனித் தொகுதி அமைப்பதினும், பொதுவான ஒரு தொகுதியை ஒரு கணக்கின்கீழ் அமைத்தல் செலவு குறைந்தது. அதற்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன என நாம் கருதுகின்றோம். வருமானத்தில் குடியிருப்போரின் பங்கு அரசு, கம்பனி, குடியிருப்போர் ஆகிய முத்தரப்பும் ஒப்பமிட்ட பத்திரத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். மின்தடைக் காலத்திற்கென ஒரு பகுதி எப்போதும் ஒதுக்கப்படல் வேண்டும். மாதந்தோறும் அளவுமானியின் கணக்கு தமிழில் எல்லோரும் காண ஒட்டப்படல் வேண்டும். இவையின்றி மின்கலங்கள் வருமாயின், தோட்டத்து வெயிலும் ஓடைநீர் சென்ற வழியே செல்லும்.