ஆள்களப் பெயர்களின் கட்டணம்: உச்சவரம்பு ஏன் அவசியம்?

இணையத்தளமொன்றை ஆரம்பிக்க விரும்பும் எவரும் முதலில் தேடிக்கொள்வது ஒரு பெயரையே. டொமைன் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த ஆள்களப் பெயர், பத்திரிகை நிறுவனங்களுக்கும் வர்த்தக நிலையங்களுக்கும் மாத்திரம் உரியதன்று. இன்று பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், இலக்கிய வட்டங்கள் எனப் பலதரப்பட்ட அமைப்புகளும் தமக்கென ஒரு பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. ஆயினும் இப்பெயர்கள் எவருக்கும் சொந்தமானவையல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. அவை குத்தகைக்குப் பெறப்பட்டவை. ஒரு வருடம் முதல் அதிகபட்சமாகப் பத்து வருடங்கள் வரை பணம் செலுத்தி வைத்திருக்கலாம். தவணை முடிந்ததும் புதுப்பிக்கத் தவறினால், அப்பெயரை வேறொருவர் பெற்றுக்கொள்ள வழி பிறந்துவிடும்.

வருடமொன்றுக்குப் பத்துப் பதினைந்து டொலர் பெறுமதியான இவ்விடயம் குறித்து இவ்வளவு தூரம் விவாதிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். தொகை சிறியதே. ஆனால் அத்தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது, அந்த அதிகாரத்துக்கு வரையறை உண்டா என்பவை சிறிய கேள்விகள் அல்ல. கடந்த சில வருடங்களில் இடம்பெற்ற சம்பவங்கள் இதனைத் தெளிவாக உணர்த்தியிருக்கின்றன.

முதலில், நாம் செலுத்தும் பணம் எங்கு செல்கின்றது என்பதைப் பார்ப்போம். பொதுமக்களுக்குப் பெயர்களை விற்பவை முகவர் நிறுவனங்கள். அவற்றுக்கு மேலே, குறித்த ஒரு விகுதியில் முடியும் பெயர்கள் அனைத்தினதும் மூலப் பதிவேட்டைப் பேணும் பதிவகம் இருக்கின்றது. டொட் கொம் பெயர்களுக்கான பதிவகம் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனமாகும். டொட் ஓர்க் பெயர்களுக்கான பதிவகம் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்னும் இலாப நோக்கற்ற அமைப்பாகும். இத்தகைய பதிவகங்களுடன் உடன்படிக்கை செய்து, முழு அமைப்பையும் ஒழுங்குபடுத்துவது கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட ஐக்கான் நிறுவனமாகும். முகவர் நிறுவனங்கள் பதிவகத்துக்கு ஒரு மொத்த விலையைச் செலுத்தி, அதற்கு மேல் தமது இலாபத்தைச் சேர்த்து எம்மிடம் அறவிடுகின்றன.

1995 ஆம் ஆண்டு வரை இப்பெயர்களைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இருக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிதியமே செலவை ஏற்றிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனத்துக்குக் கட்டணம் அறவிட அனுமதி வழங்கப்பட்டது. இரண்டு வருடங்களுக்கு 100 டொலர் என்பதே அன்றைய விலை. அப்போது அந்நிறுவனத்தைத் தவிர வேறு எவரிடமும் செல்ல முடியாத நிலை காணப்பட்டது. 1998 இல் ஐக்கான் உருவாக்கப்பட்டு, 1999 இல் முகவர் நிறுவனங்களிடையே போட்டி அனுமதிக்கப்பட்ட பின்னரே விலை வீழ்ச்சியடைந்தது. 2000 ஆம் ஆண்டளவில் பதிவகத்தின் மொத்த விலை 6 டொலராகக் குறைந்திருந்தது.

இங்கு ஓர் உண்மையை நாம் கவனத்திற்கொள்ள வேண்டும். போட்டி ஏற்பட்டது முகவர்கள் மத்தியிலேயன்றிப் பதிவகங்கள் மத்தியில் அல்ல. ஒரு முகவர் அதிக விலை கேட்டால் பெயரை இன்னொரு முகவரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டொட் கொம் பெயரொன்றை வைத்திருப்பவர் எந்த முகவரிடம் சென்றாலும், மொத்த விலை அதே பதிவகத்துக்கே சென்றடையும். அதிலிருந்து தப்ப வேண்டுமாயின் பெயரையே கைவிட வேண்டும். பத்து வருடங்களாகப் பாவித்த பெயரைக் கைவிடுவது இலகுவான காரியமா? கடிதத் தலைப்பு, பற்றுச்சீட்டு, பெயர்ப்பலகை, மின்னஞ்சல் முகவரிகள், ஏனைய தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் அனைத்தும் அப்பெயருடன் பிணைந்திருக்கின்றன. புதிதாகப் பெயர் தேடுபவருக்குத் தெரிவுகள் பல உண்டு. பழைய பெயரைப் புதுப்பிப்பவருக்கோ தெரிவு எதுவுமில்லை. விலை உச்சவரம்பு பிரதானமாகப் பாதுகாப்பது இந்த இரண்டாமவரையே.

டொட் கொம் விலையின் வரலாறு இதற்கு நல்ல உதாரணமாகும். படிப்படியாக உயர்ந்த மொத்த விலை, 2012 இல் 7.85 டொலரை எட்டியிருந்த நிலையில், அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் தலையீட்டினால் நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் அத்திணைக்களம் அத்தடையைத் தளர்த்தி, ஒவ்வொரு ஆறு வருட காலப்பகுதியினதும் இறுதி நான்கு வருடங்களில் வருடமொன்றுக்கு 7 சதவீதம் வரை அதிகரிக்க இடமளித்தது. அதன் பயனாக 2021 இல் 8.39 டொலர், 2022 இல் 8.97 டொலர், 2023 இல் 9.59 டொலர், 2024 செப்டெம்பரில் 10.26 டொலர் என நான்கு தடவைகள் விலை உயர்ந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையை வெரிசைன் நிறுவனம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய முழுமையாகவே பயன்படுத்திக்கொண்டது. 150 மில்லியனுக்கும் அதிகமான டொட் கொம் பெயர்கள் பதிவில் இருக்கும்போது, விலையில் ஒரு டொலர் கூடுவது வருடத்துக்கு 150 மில்லியன் டொலர் மேலதிக வருமானமாகும். 2023 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 1.49 பில்லியன் டொலராகவும், தொழிற்பாட்டு இலாபம் சுமார் ஒரு பில்லியன் டொலராகவும் இருந்தன. செலவு அதிகரித்ததால்தான் விலை அதிகரித்தது என்று இவ்விலக்கங்களைப் பார்த்த பின்னர் எவரும் கூறமாட்டார்கள்.

எனினும் டொட் கொம் விடயத்தில் 7 சதவீதம் என்ற எல்லையாவது இருந்தது. எல்லையே இல்லாவிடின் என்ன நேரும் என்பதை டொட் ஓர்க் விவகாரம் உலகுக்குக் காட்டியது. தொண்டு நிறுவனங்களும் சமூக அமைப்புகளும் விரும்பித் தெரிவு செய்யும் இந்த விகுதியின் நிர்வாகம், 2003 ஜனவரியில் வெரிசைன் நிறுவனத்திடமிருந்து பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரியிடம் கையளிக்கப்பட்டது. இன்டர்நெட் சொசைட்டி என்னும் இலாப நோக்கற்ற சங்கமே அதன் தாய் அமைப்பாகும். உடன்படிக்கையின் பிரகாரம் அதன் விலை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர முடியாதிருந்தது. 2019 இல் அவ்வுடன்படிக்கையைப் புதுப்பித்தபோது இந்த உச்சவரம்பை நீக்க ஐக்கான் உத்தேசித்தது. பொதுமக்களிடம் கருத்துக் கோரியபோது கிடைத்த 3,000 இற்கும் மேற்பட்ட கருத்துகளில் மிகப் பெரும்பாலானவை அதனை எதிர்த்தன. அவ்வாறிருந்தும் 2019 ஜூன் 30 ஆம் திகதி உச்சவரம்பு நீக்கப்பட்டது.

ஐந்து மாதங்கள் கழிவதற்குள், 2019 நவம்பரில், பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரியை ஈதோஸ் கெப்பிட்டல் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. விலை 1.135 பில்லியன் டொலர். வருடா வருடம் மாறும் வருமானத்தில் தங்கியிராமல் நிரந்தர நிதியமொன்றை உருவாக்கவே விற்பதாக அச்சங்கம் விளக்கமளித்தது. தனது நோக்கம் அதற்கு நியாயமானதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 10 மில்லியனுக்கும் அதிகமான பெயர்களை வைத்திருந்தோரின் எதிர்காலம், இலாபத்தை நாடும் முதலீட்டாளர்களின் கையில் ஒப்படைக்கப்படவிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், எட்டு வருட காலத்துக்கு வருடச் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் விலையை உயர்த்துவதில்லை என ஈதோஸ் வாக்குறுதியளித்தது. வருடத்துக்கு 10 சதவீதம் என்பது எட்டு வருடங்களில் விலையை இரண்டு மடங்குக்கு மேல் கொண்டு செல்லும் என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் உடனடியாகவே உணர்ந்துகொண்டனர்.

2020 ஏப்ரல் நடுப்பகுதியில் கலிபோர்னியா மாநிலத்தின் அப்போதைய சட்டமா அதிபர் சேவியர் பெசேரா, இவ்விற்பனைக்கு அனுமதியளிக்க வேண்டாமென ஐக்கான் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். ஏப்ரல் 30 ஆம் திகதி ஐக்கான் பணிப்பாளர் சபை அனுமதி மறுத்தது. பொதுநலனுக்கென அமைந்த ஒரு நிறுவனம் இலாப நிறுவனமாக மாறுவதும், 360 மில்லியன் டொலர் கடன் சுமை அதன் தலையில் ஏற்றப்படவிருந்ததும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. ஆயினும் அன்று தடுக்கப்பட்டது விற்பனை மாத்திரமே. நீக்கப்பட்ட உச்சவரம்பு அத்தீர்மானத்தினால் மீளக் கொண்டுவரப்படவில்லை. உச்சவரம்பு நீக்கத்தை எதிர்த்து நேம்சீப் என்னும் முகவர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஐக்கான் தனது யாப்பு விதிகளை மீறியே செயற்பட்டதென 2022 டிசெம்பரில் சுயாதீன மீளாய்வுக் குழுவொன்று தீர்ப்பளித்தது.

2012 இன் பின்னர் அறிமுகமான புதிய விகுதிகள் பலவற்றுக்கு ஆரம்பத்திலிருந்தே உச்சவரம்பு கிடையாது. 2017 இல் யுனிரெஜிஸ்ட்ரி என்னும் பதிவகம் தன்னிடமிருந்த சில விகுதிகளின் விலையைப் பல மடங்கு உயர்த்தப்போவதாக அறிவித்தபோது, அவற்றை நம்பிப் பெயர் பதிந்திருந்தோர் திகைத்துப் போயினர். கவர்ச்சியான புதிய விகுதிகளை நாடுவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

விலை குறைவாக இருந்தால் மோசடிக்காரர்களும், பெயர்களைப் பதுக்கி வைத்து விற்போரும் பெருகுவர் என்றொரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. முதல் வருடத்துக்கு ஒரு டொலர், இரண்டு டொலர் என விற்கப்படும் பெயர்களே மோசடிகளுக்கு அதிகம் பயன்படுகின்றன. ஆனால் மோசடிக்காரர் தமது பெயரைப் புதுப்பிப்பதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரே பெயரை வருடக்கணக்காகப் புதுப்பித்து வருபவர்கள் பெரும்பாலும் நேர்மையான பாவனையாளர்களே. எனவே புதுப்பித்தல் கட்டணத்தை உயர்த்துவதால் தண்டிக்கப்படுவது மோசடிக்காரர் அல்லர். மோசடிக்குப் பரிகாரம் முறைப்பாடுகளை விரைந்து விசாரிப்பதேயாகும்.

எமது நாட்டைப் பொறுத்தவரை இப்பிரச்சினைக்கு மற்றுமொரு பரிமாணமும் உண்டு. டொலரில் நிர்ணயிக்கப்படும் விலையை நாம் ரூபாவில் செலுத்துகின்றோம். 2022 இன் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. பதிவகம் ஒரு சதத்தைத் தானும் கூட்டாத நிலையிலேயே, 2,000 ரூபா கட்டணம் 3,600 ரூபாவாகியது. பணம் இருந்தாலும் கடனட்டை மூலம் வெளிநாட்டுக்கு அனுப்புவது சிரமமாகியிருந்தது. 2005 இல் ஆரம்பிக்கப்பட்டு, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் என்னும் இணைய நூலகத்தின் முகவரியும் டொட் ஓர்க் என்றே முடிகின்றது. ஈதோஸ் விவகாரம் தூரத்து அமெரிக்காவின் உட்பிரச்சினை அல்ல என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

நாடுகளுக்குரிய விகுதிகளின் கட்டணத்தை ஐக்கான் தீர்மானிப்பதில்லை. அந்தந்த நாட்டுப் பதிவகங்களே தீர்மானிக்கின்றன. 1990 இல் இலங்கைக்குக் கிடைத்த டொட் எல்கே விகுதி, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸ் அவர்களின் முயற்சியுடன் வளர்ந்ததாகும். 2010 இல் தமிழிலேயே எழுதக்கூடிய டொட் இலங்கை விகுதியும், சிங்களத்தில் டொட் லங்கா விகுதியும் கிடைத்தன. தமிழ் எழுத்திலான விகுதியொன்று எமக்கு இருந்தும் அதனைப் பாவிப்போரை வீதியில் காணும் பெயர்ப்பலகைகளில் அரிதாகவே காண்கின்றோம். பாடசாலைகள், வாசிகசாலைகள், சமய மற்றும் சமூக நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இவ்விகுதிகளில் நிலையான, குறைந்த புதுப்பித்தல் கட்டணத்தை வழங்குவது குறித்து உரிய தரப்பினர் சிந்திக்க வேண்டும்.

அதுவரை எமது அமைப்புகள் தம்மைத் தாமே பாதுகாத்துக்கொள்ள வேண்டும். முதல் வருட விலையைப் பார்த்து முகவரைத் தெரிவு செய்யாது, இரண்டாம் வருடத்திலிருந்து அறவிடப்படும் விலையைக் கேட்டறிய வேண்டும். இயலுமாயின் ஐந்து அல்லது பத்து வருடங்களுக்கு ஒரேயடியாகப் புதுப்பித்துக்கொண்டால், இடையில் ஏற்படும் விலையேற்றம் பாதிக்காது. டொட் கொம் போன்றவற்றில் விலையேற்றத்தை ஆறு மாதங்களுக்கு முன்னர் பதிவகம் அறிவிக்க வேண்டும் என்பதால் அதற்கான அவகாசமும் உண்டு. பெயர் அமைப்பின் பெயரில் பதிவாகியிருப்பதும், அறிவித்தல்கள் வந்து சேரும் மின்னஞ்சல் முகவரி ஒரு தனிநபருடையதாக இல்லாதிருப்பதும் அவசியம். செயலாளர் மாறியதால் அறிவித்தல் எவர் கண்ணிலும் படாமல் பெயர் பறிபோவது அடிக்கடி நேருகின்றது. காலாவதியான பின்னரும் முகவரைப் பொறுத்துச் சில வாரங்கள் வழமையான கட்டணத்தில் மீட்கலாம். அதன் பின்னர் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் பல மடங்கு கட்டணம் கேட்கப்படும். அதுவும் கடந்தால், காத்திருக்கும் வியாபாரிகளின் கைக்கே பெயர் செல்லும்.

ஆள்களப் பெயர் இன்று ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. அது தபால் முகவரியைப் போன்ற அடிப்படைத் தேவையாகிவிட்டது. வேறு வழியின்றிப் பாவிக்க வேண்டிய ஒன்றின் விலையைச் சந்தை தானாகவே கட்டுப்படுத்தும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. நீக்கப்பட்ட உச்சவரம்புகள் மீண்டும் உடன்படிக்கைகளில் இடம்பெற வேண்டும். இருக்கின்ற உச்சவரம்புகள் செலவுக்கேற்ப மீளாய்வு செய்யப்பட வேண்டும். 3,000 பேரின் எழுத்து மூலமான கருத்து 2019 இல் புறக்கணிக்கப்பட்டபோதிலும், தொடர்ந்து எழுந்த குரல் மறு வருடமே ஒரு பெரும் விற்பனையைத் தடுத்து நிறுத்தியது. அக்குரலில் எமது சமூகங்களின் அமைப்புகளும் இணைந்துகொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.