‘ஆமாம் பாட்டி... அப்புறம்?’

“டாக்டர், எங்க மாமியாருக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. வல்லாரை லேகியம் கொடுங்க” என்று கேட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். வல்லாரை நல்ல மூலிகைதான். ஆனால், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோகிற அளவுக்கு வந்துவிட்ட மறதி நோயை அது திருப்பிவிடும் என்று நான் சொன்னால் அது வியாபாரம், வைத்தியம் ஆகாது. அல்சைமரை முழுசாகக் குணப்படுத்தும் மருந்து அலோபதியிலும் இல்லை.

அப்படியானால் வீட்டில் இருப்பவர்கள் என்னதான் செய்வது? இதற்குக் கைகொடுக்கும் ஒரு வழி, காமெடி மேடையிலிருந்து வந்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள்!

அமெரிக்காவில் ‘இம்ப்ரோவ்’ என்று ஒரு வகை நகைச்சுவை நாடகம் உண்டு. எழுதிவைத்த வசனம் கிடையாது, முன்கூட்டியே முடிவு செய்த கதை கிடையாது. கூட்டத்தில் யாராவது “பஸ் ஸ்டாண்டு” என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார்கள். அடுத்த நிமிடமே இரண்டு பேர் அதை வைத்துப் பேசி நடிக்க வேண்டும். நம்மூர் தெருக்கூத்தில் கட்டியங்காரன், எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அப்போதைக்கப்போது ஒன்று அடித்துவிடுவாரே... கிட்டத்தட்ட அந்த வித்தை.

இதற்கு விதை போட்டவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் என்ற அம்மையார். பிறந்தது 1906. (ஜெர்மனியில் டாக்டர் அல்சைமர் தன் பெயரில் வரப்போகும் நோயைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் முதன்முதலாகச் சொன்னதும் அதே 1906-ல்தான்!) குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லித்தர, பாடம் நடத்தாமல் எல்லாவற்றையும் விளையாட்டாகவே ஆக்கினார். ஒருவர் கையைத் தூக்கினால் எதிரே நிற்பவர் கண்ணாடி மாதிரி அதையே செய்ய வேண்டும், இப்படி. பயிற்சி கொடுப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை. ஆட்டத்தை நிறுத்தாமல், ஓரத்தில் நின்றபடி ஓரிரு வார்த்தையில் நினைவூட்டுவார். திட்டுவதும் கிடையாது, ‘சபாஷ்’ போடுவதும் கிடையாது. பாராட்டுக்கு ஏங்குகிறவன் எதிரே இருப்பவரைக் கவனிக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. அவர் மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1959-ல் தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ குழு இன்றும் சிகாகோவில் நடக்கிறது.

இந்தக் கலையில் முதலில் சொல்லித்தருவது ஒரு விதி. எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும், “ஆமாம்” என்று ஏற்றுக்கொண்டு, “அப்புறம்...” என்று நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேடையில் ஒருவர், “டாக்டர், என் காதுக்குள்ளே ரயில் ஓடுது” என்கிறார். “ரயிலாவது, ஒண்ணாவது!” என்று சொன்னால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். “ஆமாமா, நாலு மணி பாசஞ்சர். இன்னிக்கு லேட்டு போலிருக்கே!” என்றால் ஓட ஆரம்பிக்கும்.

கேரன் ஸ்டோபி என்ற அமெரிக்க நடிகை இந்தக் கலையில் பழகியவர். அவருடைய அப்பாவுக்கு அல்சைமர், பிறகு அம்மாவுக்கும். மேடையில் கற்ற விதிகளும், இந்த நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்து, மற்ற குடும்பங்களுக்கும் கற்றுத்தர ஆரம்பித்தார். 2015-ல் ‘டெட்மெட்’ மேடையிலும் இதை விளக்கினார்.

நம் வீட்டுக்கு வருவோம். என்னிடம் வரும் ஒரு குடும்பத்தில் பாட்டிக்கு 78 வயது. சாயங்காலம் ஆனால் போதும், “வீட்டுக்குப் போகணும், அவர் காத்துக்கிட்டிருப்பார்” என்று பையை எடுத்துக்கொள்வார். (இருட்டும் நேரத்தில் இந்தத் தவிப்பு கூடுவது இந்த நோயில் சகஜம்.) மகன், “இதுதாம்மா வீடு! அப்பா செத்து ஒன்பது வருஷமாச்சு!” என்பார். பாட்டிக்கு அது அப்போதுதான் காதில் விழுகிற சாவுச் செய்தி. தினமும் ஓர் இழவு!

ஒருநாள் பேத்தி குறுக்கே வந்து, “தாத்தா ஞாபகம் வந்துடுச்சா பாட்டி? அந்த வீட்ல திண்ணை இருந்துச்சாமே?” என்றாளாம். அவ்வளவுதான். திண்ணை, கிணறு, மாட்டுக்கொட்டகை என்று பாட்டி பேச ஆரம்பித்தார். பை கீழே இறங்கிவிட்டது.

“பொய் சொல்லச் சொல்றீங்களா டாக்டர்?” என்றார் மகன். நியாயமான கேள்வி. பேத்தி எங்கே பொய் சொன்னாள்? “தாத்தா வர்றார்” என்று சொல்லவில்லையே! பாட்டியின் ஏக்கத்துக்குத்தான் ‘ஆமாம்’ போட்டாள். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் புரிந்து கேட்டால், உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகப் படக் காட்சிகளும், சந்தோஷக் காட்சிகளும் போட்டுக் காட்டினார்கள். 2014-ல் வந்த முடிவு இது: பார்த்த காட்சி மறந்துபோன பிறகும், அதனால் வந்த உணர்ச்சி தங்கியிருந்தது. “நான் கத்தினதை அம்மா மறந்துடுவாங்க” என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, பார்த்தீர்களா!

ஆனால், கேஸ் அடுப்பைத் திறந்துவிடப் போகிறவரிடம் ‘ஆமாம்’ போடக் கூடாது. அங்கே சிலிண்டரை மூடுவதுதான் முதல் வேலை. அதேபோல, நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று உளறினால் மறதி நோய் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். மெல்ல மெல்ல வரும் மறதிக்கும் தைராய்டு, பி12 குறைவு, தூக்க மாத்திரை காரணமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். லேகியம் அதற்குப் பிறகு.

பழகுவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். ஒருவர் பாட்டி, இன்னொருவர் மகன். “என் நகையைத் திருடிட்டே!” என்று ‘பாட்டி’ ஆரம்பிக்கட்டும். “நான் எடுக்கலை” என்று வாயில் வருவதற்குள், ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் “ஆமாம்!” என்று குரல் கொடுக்கட்டும். “நகையைக் காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்... அது எந்தக் கடையில வாங்கினதும்மா?” என்று வருவதற்கு நாலைந்து வாரம் பிடிக்கும். குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மிகவும் திணறுவது மகன்கள்தான்.

இன்னொன்று. ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற மருமகளிடம் போய், “நீ இன்னும் பொறுமையா பேசணும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தூக்கம் கெட்டவருக்கு எந்த விளையாட்டும் வராது. வாரத்தில் ஒரு முழு நாள் அவருக்கு லீவு கொடுத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் பையோடு நிற்கும் அம்மாவிடம் மகனே பேசட்டும்.