கல்லாகாத இதயம்

வால்வு மாற்றும் அறுவைக்கு அன்றும் இன்றும் ஒரே சிக்கல்தான். வால்வைத் தைக்க இதயம் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் நின்றுபோகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடக்கும் அந்தத் தசையை எப்படிக் காப்பது?

1960 செப்டம்பரில், அமெரிக்காவின் போர்ட்லண்டில், பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய பந்து வால்வை அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டார் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அந்த நோயாளி பல ஆண்டுகள் வாழ்ந்தார். வால்வு கிடைத்துவிட்டது, தசைக்குத்தான் காவல் இல்லை. நெஞ்சுக்குள் ஐஸைக் கொட்டிக் குளிரவைத்தார்கள். இதயத் தமனிகளில் குழாய் செருகி ரத்தம் செலுத்திக்கொண்டே தைத்தார்கள். அதற்கு முன்பே, 1955இல், லண்டனில் மருத்துவர் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட் செலுத்தி இதயத்தை நிறுத்திக் காட்டினார். ஆனால் அந்தக் கரைசலின் அடர்த்தியே தசையைப் புண்ணாக்கியதால் அதைக் கைவிட்டார்கள். தையல் பிசகாமல் முடிந்த பிறகும் இதயம் இறுகிப்போய், மீண்டும் துடிக்காத கொடுமை நேர்ந்தது. 1972இல் இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி அதற்கு வைத்த பெயர் ‘கல் இதயம்’.

திருப்பம் 1970களில் வந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹியர்ஸ், மார்க் பிரைம்பிரிட்ஜ் குழுவினர் பொட்டாசியத்தைப் பல மடங்கு குறைத்து, மக்னீசியம் சேர்த்துக் கரைசல் தயாரித்தனர். கலிஃபோர்னியாவில் ஜெரால்ட் பக்பர்க் அத்தகைய மருந்தை நோயாளியின் ரத்தத்திலேயே கலந்து கொடுத்தார். துடிப்பை நிறுத்தினாலே தசையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிடுகிறது. குளிர்ச்சி அதை இன்னும் குறைக்கிறது.

இன்று பெருந்தமனியைக் கவ்வியால் அடைத்ததும், கார்டியோபிளீஜியா எனப்படும் இந்த இதயம் நிறுத்தும் கரைசல் உள்ளே போகிறது. சிறிது நேரத்தில் மானிட்டரில் ஈசிஜி நேர்கோடாகிறது. ரத்தம் கலந்த கரைசலானால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுப்பார்கள். டெல் நீடோ என்ற வகைக் கரைசலானால் ஒரே தவணை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பெருந்தமனி வால்வு கசிந்தால் மருந்து கீழறைக்குள் வழிந்துவிடும். அதனால் தமனி வாய்களில் நேரடியாகவோ, சிரை வழியே பின்னோக்கியோ செலுத்துகிறார்கள்.

பலன் கண்கூடு. தேர்ந்த மருத்துவமனைகளில், வேறு பெரிய நோய் இல்லாதவருக்குச் செய்யும் பெருந்தமனி வால்வு மாற்று அறுவையில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் கார்டியோபிளீஜியா இருக்கிற தசையைத்தான் காக்கும். நலிந்துபோன தசைக்குப் புது வலு தராது. வால்வு பழுது என்று தெரிந்து, மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னால், மூச்சிரைப்பு முற்றும்வரை தள்ளிப்போடாதீர்கள்.